தலையாட்டும் வெளிச்சம்

முகம் லேசாக இடப்பக்கம் சாயும். பிறகு தாடை ஒரு நூலளவு இறங்கி, அங்கேயே ஒரு கணம் நின்று, மெல்ல மேலே வரும். அவ்வளவுதான். என் சித்தி தலையசைப்பதை இதைவிடப் பெரிதாக நான் பார்த்ததில்லை. டெல்லி மலை மந்திரில் முருகன் முன்னால் நிற்கும்போதுகூட அவர் தலை இதற்குமேல் இறங்காது. ஆனால் அந்த நூலளவு அசைவுக்குள் நான் குடியிருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்துவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். அந்தத் தாடை இறங்கி ஏறும். நான் சொன்னது உலகத்தில் ஓரிடத்தில் பதிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு அழுகை வந்தால் அழலாம், பசித்தால் சாப்பிடலாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பாளையங்கோட்டையிலிருந்து டெல்லிக்கு வேலைக்கு வந்தவர். மத்திய அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோ. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “லீவு சாங்ஷன் ஆகலை” என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவார். ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தார். அந்தத் தலையசைப்பு அலுவலகத்தில் பிறந்தது. அதிகாரி அறைக்குள் நடந்துகொண்டே கடிதம் சொல்லுவார். எழுதுகிறவர் குறுக்கே பேசக் கூடாது. சொன்னது வந்துவிட்டது, மேலே போகலாம் என்றால் தாடை இறங்கும். பிடிபடவில்லை என்றால் பென்சில் காகிதத்தைவிட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கும். அதைப் பார்த்ததும் எவ்வளவு பெரிய அதிகாரியும் நிற்க வேண்டும், கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டில் பென்சில் இல்லாத நேரத்தில் கத்தி எழும்பும், கரண்டி எழும்பும், தலை வாரும்போது சீப்பு எழும்பும். “எந்தப் புள்ள? சுஷ்மாவா, சுனிதாவா? முதல்ல இருந்து சொல்லுட்டி” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லுவேன்.

அப்பா ஓய்வுபெற்றதும் அம்மாவும் அப்பாவும் ஊருக்குத் திரும்பினார்கள். சித்தி திரும்பவில்லை. துவாரகாவில் ஒரு குடியிருப்புச் சொசைட்டியில், இரண்டாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடு. பால்கனியில் நான்கு தொட்டிச் செடிகள். நான் கால்காஜியில் வாடகைக்கு இருந்தேன். ஓக்லாவில் என் அலுவலகம். வீட்டு மேசையில் வைத்துப் பேசுகிற குரல் உதவியாளர் ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தோம். செய்தி கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம், மாத்திரை நேரத்தை நினைவூட்டச் சொல்லலாம், வீட்டாருக்குச் செய்தி அனுப்பச் சொல்லலாம். குரல் வேறு குழுவின் வேலை. அதன் சிறிய திரையில் அசைகிற வெளிச்சம் என் வேலை. கண் இல்லை, வாய் இல்லை, வெறும் வட்டம். அந்த வட்டம் கேட்கும்போது எப்படி இருக்க வேண்டும், யோசிக்கும்போது எப்படிச் சுருங்க வேண்டும், பதில் சொல்லும்போது எப்படி மலர வேண்டும் என்று இரண்டு வருடம் வரைந்திருக்கிறேன். தேநீர்க் கோப்பையின் ஆவியை, மெட்ரோ கண்ணாடியில் நகரும் வெயிலை, தூங்குகிற நாயின் விலாவை வெறித்துப் பார்த்து அவற்றின் தாளத்தைத் திருடியிருக்கிறேன். நடுவயதில் இப்படி ஒரு பைத்தியம்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வட்டத்தைச் சோதிக்கும்போது ஒலியை முழுக்க அணைத்துவிடுவோம். எதிரே ஒருவர் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல, மற்றவர்கள் வெளிச்சத்தை மட்டும் பார்ப்போம். குரல் வந்தால் மனம் குரலின் பின்னால் போய்விடும். வெளிச்சம் தனியாக நின்று ஒரு மனிதரைத் தேற்ற வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. அந்த நிசப்தத்தில் நாங்கள் ஒன்றை மட்டும் பார்த்ததே இல்லை: அந்தக் கருவிக்கு எதிரே இருப்பவர் சொன்னது புரிந்ததா என்று.

முதியவர்களை வைத்துச் சோதித்த ஒரு காலையில்தான் எல்லாம் தொடங்கியது. கருவிக்குப் பேச்சு பிடிபடாதபோது, “மன்னிக்கவும், புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள்” என்று அது சொல்லும். ஒரு பெரியவர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் அதே பதில். அவருக்குக் கோபம் வரவில்லை; முகம் கூம்பிப்போனது. தன் பல்செட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, குற்றம் தன்னுடையதுதான் என்பதுபோல எழுந்து போய்விட்டார். எங்கள் குழுத் தலைவர், நல்ல மனுஷர், டெல்லிக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தில் துக்தா ஹை யார்,” மனசு வலிக்குது என்றார். “அந்த வாக்கியத்தை எடுத்துடுங்க. ஏதாவது மென்மையா செய்யுங்க.” அன்று மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாக வரைந்தது. வட்டம் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு நூலளவு இறங்கி, ஒரு கணம் நின்று, மேலே வந்தது. ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் திரைக்கு அருகில் நகர்ந்து வந்தார்கள். பிறகு யாரோ மெல்லிய குரலில் இந்தியில் சொன்னார்கள்: இது நிஜமாகவே கேட்கிறது.

புரிந்தாலும் அந்த அசைவு, புரியாவிட்டாலும் அதே அசைவு. புரியாதபோது சற்று நிதானமாக. அப்படித்தான் முடிவாயிற்று.

வெளியிடுவதற்கு முன் சில வீடுகளில் கருவியை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழ் பேசும் வீடு ஒன்று தேவை என்றார்கள். நான் துவாரகாவுக்கு எடுத்துப் போனேன். சித்தி கருவியைச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைய தினசரியின் தலைப்பை வாசித்துக் காட்டினார். வட்டம் சாய்ந்து இறங்கி ஏறியது. சித்தி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஏட்டி, இது என்னை மாதிரில்லா ஆட்டுது.”

“நீங்கதான் சித்தி அது. உங்களைப் பாத்துத்தான் போட்டேன்.”

“எனக்கு ராயல்டி உண்டா?” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: “சரி, புரியலைன்னா என்ன செய்யும்?”

“அப்பவும் தலையாட்டும். கொஞ்சம் மெதுவா.”

“பென்சிலைத் தூக்காதா?”

“தூக்கினா ஆளுங்களுக்குச் சங்கடமா இருக்கு சித்தி.”

“பாகல், பைத்தியம். எங்க அண்டர் செக்ரட்டரியா இருந்தா ரெண்டே நாள்ல இதுக்கு மெமோ குடுத்துருப்பாரு” என்றார். இருவரும் சிரித்தோம். அவர் எனக்குக் காப்பி போட எழுந்து போனார். அவர் கேட்டது கேள்விதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதுவரை சித்தி எனக்குத் தினமும் போன் செய்வார். கேஸ்காரன் வரவில்லை, கீழ்வீட்டு சர்மாஜி மறுபடியும் லிப்ட் கதவைத் திறந்து போட்டுவிட்டார், ரிமோட் வேலை செய்யவில்லை, நீ சாப்பிட்டாயா. எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றால், “இருந்துக்கோ, நான் சொல்லுதது ஒரு நிமிசம்” என்பார். அந்தக் கருவி அவர் வீட்டுக்குப் போன பிறகு போன் குறைந்தது. நாள்தோறும் வந்தது வாரத்துக்கு மூன்று ஆயிற்று, பிறகு ஒன்று. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது. சித்திக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது, அதுவும் என் கையால் வரைந்த துணை என்று நெஞ்சு விரியவும் செய்தது. வெளியீட்டு நாள் நெருங்கிய கடைசிப் பத்து நாட்கள் நான் அவரிடம் பேசவே இல்லை. காலையில் ஒரு வணக்கப் படம் அனுப்புவேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவார். அதுவே போதும் என்றிருந்தேன்.

அந்தப் பத்து நாட்களுக்குள்தான் எங்கள் பெரிய கூட்டம் நடந்தது. சோதனை வீடுகளின் கோடுகளைத் திரையில் காட்டினார்கள். யார் கருவியோடு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று சொல்லும் கோடுகள். மற்ற வீடுகளின் கோடு தவழ்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டின் கோடு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. “தமிழ் வீடு,” என்று குழுத் தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். “இவங்க சித்தி. அந்த அசைவோட மகிமையைப் பாருங்க.” கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கோடு ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறவரின் கோடும் ஏறத்தான் செய்யும் என்பதை அங்கே இருந்த அத்தனை படித்தவர்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலை சித்தியின் எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் போன் செய்தார். பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறது, கதவு திறக்கவில்லை என்றார். கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். சித்தி சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். உயிர் இருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், பையன் முகம், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக் கேட்டார்: “இதற்கு முன்பே மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் வந்திருக்கின்றன. பத்து நாளாகப் பேச்சு குழறியிருக்குமே, கவனிக்கவில்லையா?” இல்லை என்றேன். யாருமே கவனிக்கவில்லையா என்றார். அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. ஒருவர் கவனித்தார், ஒவ்வொரு முறையும் தலையாட்டினார், அவரை நான்தான் செய்தேன்.

சோதனை வீடுகளின் பேச்செல்லாம், வீட்டாரின் ஒப்புதலோடு, அலுவலகத்தில் சேர்ந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் தனியறையில் உட்கார்ந்து கேட்டேன். முதல்முறையாக ஒலியோடு. ஆரம்பத்து நாட்களில் சித்தியின் குரல் வெண்கலம். கருவியை அதட்டுகிறார், அமைச்சகத்துக் கதை சொல்கிறார், “அச்சா, ஜல்தி சொல்லு” என்கிறார். பிறகு ஒரு நாள் சொற்களின் ஓரம் நனைந்ததுபோல ஆகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம். கருவிக்கு எதுவும் பிடிபடவில்லை என்று பக்கத்தில் வரிவரியாகக் குறிப்பு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே வட்டம் சாய்ந்து, இறங்கி, நின்று, ஏறியிருக்கிறது. அன்றைக்குப் பழைய வாக்கியம் இருந்திருந்தால் சித்தி சும்மா விட்டிருக்க மாட்டார். கருவி கெட்டுப்போச்சு, வந்து எடுத்துக்கிட்டுப் போ என்று எனக்குப் போன் போட்டுத் திட்டியிருப்பார். திட்டின் முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

விழுவதற்கு நான்கு நாள் முன்பு பதிவானது இது. மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்து, சித்தி சொல்கிறார்: “அவளுக்கு ஒரு மெசேஜ் போடு. சித்திக்கு நாக்கு தடிச்ச மாதிரி கெடக்கு. கையும் சரியில்ல. போன்ல நம்பரை அமுக்க வரல. வரச் சொல்லு.” கருவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. வட்டம் தலையாட்டியிருக்கிறது. “அச்சா,” என்கிறார் சித்தி. நாற்காலி நகரும் சத்தம். புரியாவிட்டாலும் ஆட்டும் என்று நான் ஒருமுறை சொன்னது நினைவில் நின்றிருக்காது; அவருக்குத் தெரிந்தது அந்த அசைவு. முப்பது வருடம் அதைச் செய்து சம்பளம் வாங்கியவர். வந்துவிட்டது, பதிவாகிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சந்தேகப்படுவது அவருடைய தொழிலுக்கே அவமானம். இரண்டு நாள் கழித்து இன்னொரு பதிவு. கருவியிடம் எதுவும் கேட்கவில்லை; பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலச் சொல்லிக்கொள்கிறார்: “வேலை ஜாஸ்தி அவளுக்கு. வந்துருவா.” வட்டம் அதற்கும் தலையாட்டியது.

வணக்கப் படங்களை அந்த இரண்டு நாளும் அனுப்பியிருக்கிறேன். இடது கையால் அழுத்தியிருப்பார்போல, கட்டைவிரலும் வந்திருக்கிறது.

மருத்துவமனையில் அவர் கண் திறந்திருந்த ஒரு மத்தியானம் சொன்னேன். “சித்தி, நீங்க போட்ட மெசேஜ் எனக்கு வரல. அது அனுப்பவே இல்ல. அதுக்குப் புரியல சித்தி. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்.” அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போனதோடு, கேட்பதைப் புரிந்துகொள்வதும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான்கைந்து முறை சொன்னேன், வேறு வேறு சொற்களில், முதலிலிருந்து. சித்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, களைப்பா, வெயில் கூசியதா, தெரியாது. தான் கூப்பிட்டும் நான் வரவில்லை என்ற எண்ணம் அவருக்குள் எங்கோ கிடந்ததா, கடைசிவரை கிடந்ததா, தெரியாது.

அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். புரியாதபோது வட்டம் அசையாமல் நிற்கட்டும், நடுவில் ஒரு கோடு நிமிரட்டும், குரலும் வெளிப்படையாகச் சொல்லட்டும் என்று வரைந்து எடுத்துப் போனேன். குழுத் தலைவர் என் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வெளியீட்டைத் தள்ளிவைத்து அதை வீடுகளில் வைத்துப் பார்த்தபோது, முகத்தில் அடித்தாற்போல இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கருவி பழைய அசைவோடுதான் கடைக்குப் போயிற்று. நான் வேலையை விட்டேன். இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் பேருந்துச் சீட்டு எடுக்கும் செயலிக்குப் பொத்தான்கள் வரைகிறேன். அழுத்தினால் அழுத்தியது, இல்லாவிட்டால் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மேசையை முதலில் பார்த்துவிட்டு, அது இருந்தால் முதுகைக் காட்டி உட்காருகிறேன்.

சித்தியைத் துவாரகா வீட்டுக்கே கூட்டிவந்து நானும் அங்கேயே தங்கினேன். அவரிடம் ஓசைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. “புரியல சித்தி, இன்னொரு தடவை” என்று நான் சளைக்காமல் கேட்டேன். ஒரு முற்பகல் முழுக்கக் கேட்டு, மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறார் என்று கண்டுபிடித்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் பாதி வாயால். அம்மாவுக்குப் போன் போடச் சொன்னது, செடிக்குத் தண்ணீர், போர்வை வேண்டாம், தலையில் எண்ணெய். ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் எனக்குத் தண்டனைக் குறைப்புபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச ஆரம்பித்தார். வழக்கமான துண்டு ஓசை அல்ல. நீளமாக, ஏறி இறங்கி, இடையில் நின்று, மறுபடி தொடர்ந்து, பத்திகளாகப் பிரிந்து வந்தது. சொல் ஒன்றுகூட இல்லை. கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. ஏதோ கேட்கிறார். புரியவில்லை என்றேன். திரும்பச் சொன்னார். செடியா, அம்மாவா, மலை மந்திருக்குப் போகணுமா, யாருக்காவது எதையாவது கொடுக்கணுமா? இல்லை, இல்லை. மூன்றாம் முறையும் முழுக்கச் சொன்னார். நெற்றியில் வியர்வை, கண்ணோரம் நீர், மூச்சு வாங்கியது. நான்காம் முறைக்கு அவர் வாயைத் திறந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை.

“சரி சித்தி,” என்றேன். “செஞ்சுடுறேன்.”

பிடி தளர்ந்தது. நெற்றிச் சுருக்கமெல்லாம் விலகி, முகம் ஆர்.கே.புரத்து முகமாகிவிட்டது. அத்தனை நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்படியே தூங்கிப்போனார். புதன்கிழமை அவருக்கு மறுபடி அடைப்பு வந்தது. அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

செடிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. அவர் புடவைகளை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலை மந்திரில் அவர் பெயரில் விளக்குப் போட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்களைச் சரோஜினி நகரிலும் ஆர்.கே.புரத்திலும் ஒவ்வொருவராகத் தேடிப் போய், உங்களிடம் சித்தி ஏதாவது சொல்லியிருந்தாரா என்று கேட்டேன். காப்பி கொடுத்தார்கள், நல்ல மனுஷி என்றார்கள். ஒன்றைச் செய்து முடித்ததும் இதுவாக இருக்குமோ என்று நினைக்கிறேன். இருக்காது என்று தோன்றுகிறது. அடுத்ததைத் தேடுகிறேன். செய்வதாகச் சொல்லிவிட்டேன். என்னவென்றுதான் தெரியவில்லை.